பாதி மக்கிய எரு

தெருவில் அவளைக் குழிக்காரி என்றுதான் சொல்வார்கள். காதில் விழுந்தால் திரும்பி நின்று நாலு வார்த்தை நறுக்கென்று கொடுப்பாள். கழிப்பறைத் தொட்டியில் விழுவதையும் மாட்டுச் சாணத்தையும் வைக்கோல், சாம்பல் போட்டு அடுக்கி எருவாக்குவது அவள் வேலை. குழி நிறைந்ததும் மூடிவிடுவாள். உள்ளே அது கொதித்து, ஆறி, ஒரு வருஷம் சும்மா கிடக்க வேண்டும். அதற்குள் எவன் கை வைத்தாலும் கை இருக்காது என்பாள். விளையாட்டுக்குச் சொல்வதல்ல. பச்சை எருப் போட்ட கீரையைத் தின்றுதான் அவள் தங்கை பேதியாகிச் செத்தாள். அந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

அவள் கொழுந்தனுக்குப் பொறுமை மருந்துக்கும் கிடையாது. போன மாதம் மூடிய குழியைத் திறந்து பார்த்தான். மேலே சாம்பல் கலந்து கறுப்பாக இருந்தது, நாற்றமும் இல்லை. பக்குவம் வந்துவிட்டது என்று தானே முடிவுகட்டி, கேரட் பாத்தி முழுக்க அள்ளிக் கொட்டினான்.

மறுநாள் காலையில் குழிக்காரி மண்வெட்டியோடு வந்தபோது பாத்தியில் மக்காத வைக்கோல் பல்லிளித்தது. கொழுந்தனின் மனைவி, ஏழு மாதக் கர்ப்பிணி, ஒரு கேரட்டைப் பிடுங்கித் துணியில் துடைத்து வாய்க்குக் கொண்டுபோனாள். குழிக்காரி ஓடிப்போய் அந்தக் கையிலேயே ஓங்கி ஒரு அடி வைத்தாள். கேரட் எகிறி விழுந்தது.

“யார் மேல கை வைக்கிற?” கொழுந்தன் பாய்ந்து வந்தான்.

“எந்தக் குழியடா தோண்டின?”

“மக்கினதுதான் அண்ணி. ஒண்ணும் ஆகாது!”

அவள் மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்து, காம்பால் அவன் தோளில் போட்டாள். அவன் அவள் மணிக்கட்டை முறுக்கினான். எலும்பு முறியும் சத்தம் மூவருக்கும் கேட்டது. வலியில் அவளுக்குக் கண் இருட்டியது. ஆனாலும் விடவில்லை, தலையால் அவன் மூக்கில் மோதினாள். ரத்தம் கொட்டக் கொட்ட அவன் பாத்திக்குள் மல்லாந்து விழுந்தான். அவன் நெஞ்சில் முழங்காலை ஊன்றி, நல்ல கையால் ஒரு கேரட்டை மண்ணோடு பிடுங்கினாள்.

“ஒண்ணும் ஆகாதுன்னியே. தின்னுடா. உன் பொண்டாட்டி பார்க்கத் தின்னு!”

உதட்டில் வைத்து அழுத்தினாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பினான்.

அவன் மனைவி அந்த மூடிய வாயையே பார்த்தாள். பிறகு வயிற்றைப் பிடித்தபடி குனிந்து மண்வெட்டியை எடுத்தாள்.

“தள்ளுங்கக்கா,” என்றாள், அவன் மேலிருந்து கண்ணை எடுக்காமல்.