ஒன்றே கால் அங்குல இறக்கம்

என் தங்கை எதிர்நீச்சல் போட்டு வாங்கியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒன்பது வயதில், கலர் பெட்டி வாங்க வழியில்லாமல் அடுப்புக்கரியாலும் செங்கல் பொடியாலும் வரைந்து, பள்ளிகளுக்கு இடையிலான போட்டியில் இரண்டாம் பரிசு. முதல் பரிசு வாங்கியவனிடம் இருபத்துநான்கு கலர் பென்சில் இருந்தது. பதினேழு வயதில், டைபாய்டு காய்ச்சலில் படுத்து எழுந்த ஆறாம் நாள் ஓவியக் கல்லூரி நுழைவுத் தேர்வு. நாற்பத்தோரு பேரில் நான்காம் இடம். "படம் வரையற பொண்ணை எவன் கட்டிக்குவான்?" என்று அப்பா மூன்று மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதையும் தாண்டி ஐந்து வருடப் படிப்பு. கடைசி வருடக் கண்காட்சியில் பதக்கம். "எங்களுக்கு நர்ஸ் வேண்டும், ஓவியர் வேண்டாம்" என்று இரண்டு முறை திருப்பி அனுப்பிய மிஷனில், மூன்றாம் முறை இடம்.

கடைக்கு வருகிறவர்களிடம் இதையெல்லாம் சொல்லிச் சொல்லி என் வாய் தேய்ந்துவிட்டது. "டெய்லர்கிட்ட சட்டைக்கு அளவு குடுக்கப் போனா, தங்கச்சி புராணம் இலவசம்" என்று கேலி செய்வார்கள். செய்யட்டும்.

ஒன்றை மட்டும் அவர்களிடம் சொன்னதில்லை. பரிசு வாங்கிய படங்கள் எல்லாவற்றிலும் வலது கீழ் மூலையில் அவள் பெயர் இருக்கும். அது அவள் எழுதியது இல்லை, நான் எழுதியது. "நீயே எழுதிடு அண்ணா, உன் எழுத்துதான் மணி மணியா இருக்கும்" என்பாள். நான் எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. ஆனாலும் துணியில் சாக்குக்கட்டியால் எழுதி எழுதி என் கைக்கு நேர்கோடு பழகியிருந்தது.

மிஷனில் மூன்று வருட ஊழியத்துக்கு அவள் வாக்குக் கொடுத்தாள். என் கடையிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான் மிஷன். ஓர் ஆஸ்பத்திரி, ஒரு ஜெப மண்டபம், லாரியில் ஊர் ஊராகப் போகும் ஒரு பிரசங்கக் குழு. படிக்கத் தெரியாதவர்களுக்குக் கதை புரிய வேண்டும் என்பதற்காக, வேதக் கதைகளைப் பெரிய துணியில் வரைந்து மூங்கிலில் தொங்கவிடுவார்கள். அந்தத் துணிப்படங்களை வரைகிற மூன்று பேரில் அவளும் ஒருத்தி.

வரையத் தொடங்கும் முன் வெள்ளைத் துணியில் நெற்றியை வைத்துக் கண்மூடி நிற்பாள். ஒரு ஜெபம் முடிகிற நேரம். நெற்றி பட்ட இடத்தில் எண்ணெய்க் கறை விழும். அங்கே வர்ணம் சரியாக ஒட்டாது. "முதல்ல கைய வெச்சுப் பாரு, அப்புறம் தலைய வை" என்று நான் திட்டுவேன். "என் கை ஆண்டவருக்குத்தான் அண்ணா. தலை கொஞ்சம் அடம் பிடிக்குது, அதான் முட்டுக் குடுக்கறேன்" என்பாள்.

மிஷனில் ஒரு நியமம் உண்டு. யாரும் தன் வேலையில் தன் பெயரைப் போடக் கூடாது. டாக்டருக்குக்கூடப் பெயர்ப் பலகை கிடையாது. எனக்கு அது பிடிக்கவில்லை. மூலையில் பெயர் இல்லாத படம் பொத்தான் வைக்காத சட்டை மாதிரிதான் எனக்கு. அவளுக்கோ அது நிம்மதியாக இருந்தது.

மூன்றாம் வருடத் தொடக்கத்தில், பிப்ரவரி கடைசி வாரத்தில், புதிதாக வரைந்த துணியை ஓரம் அடிக்கக் கொண்டுவந்தாள். பன்னிரண்டடி நீளம், ஏழடி உயரம். தொழுநோய் குணமான பத்துப் பேரில் ஒருவன் மட்டும் திரும்பி வந்து நன்றி சொன்ன கதை. ஒருவன் நம்மை நோக்கி ஓடி வருகிறான். மற்றவர்கள் முதுகைக் காட்டிக்கொண்டு போகிறார்கள். முன்னால் இருக்கும் முதுகு கிட்டத்தட்ட ஆள் அளவு.

கடைத் தரையில் விரித்து, செருப்பைக் கழற்றிவிட்டு, ஓரத்தில் முழங்காலிட்டு மடித்துக்கொண்டே வந்தவன் அந்த முதுகின் அருகில் நின்றுவிட்டேன். எனக்கு முகம் மறக்கும், முதுகு மறக்காது. பதினெட்டு வருடமாக மனிதர்களைப் பின்னால் நின்று அளந்தவன். பழக்க தோஷத்தில் டேப்பை எடுத்து அந்தத் தோளில் வைத்தேன்.

"பாப்பா, இது நம்ம மேஸ்திரிதானே?"

"எந்த மேஸ்திரி?"

"சாரத்துலேர்ந்து விழுந்து உங்க ஆஸ்பத்திரில நாலு மாசம் கிடந்தாரே, கொத்து வேலைக்காரர். வலது தோள் ஒண்ணே கால் அங்குலம் இறக்கம். அவருக்குச் சட்டை தைக்கிறவன் நான். எங்கிட்டயா?"

அவள் முகம் சிவந்துவிட்டது. "மத்த முதுகெல்லாம் நானா யோசிச்சுப் போட்டேன், கடையில தொங்கற சட்டை மாதிரி இருக்கு. இவரு முதுகு நோட்டுல இருந்துச்சு. வார்டுல நோயாளி முகத்தை வரையக் கூடாதுன்னு சட்டம். அதான் பின்னால உக்காந்து வரைஞ்சேன்."

"அவர்கிட்ட கேட்டியா?"

"முதுகுதானே அண்ணா! உன்னைத் தவிர யாரு கண்டுபிடிப்பா?"

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் கூசுகிறது. வேண்டாம், மாற்றிவிடு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவள் கைத்திறமையைக் கண்டு எனக்கு உச்சி குளிர்ந்து போயிருந்தது. "கெட்டிக்காரி" என்று சொல்லிவிட்டு மிஷினை மிதித்தேன். மேல் ஓரத்தில் மூங்கில் நுழைய நான்கு அங்குலம் மடித்து இரட்டைத் தையல் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மாலை, பஸ் நிலையத்துக்குப் பின்னால் உள்ள திடலில் படத்தைத் தொங்கவிட்டார்கள். குழுவின் போதகர் வெளியூர்க்காரர். மேஸ்திரியைப் பார்த்ததே இல்லை. கம்பால் அந்த முதுகைத் தட்டித் தட்டிப் பேசினார். "இதோ போறானே, பெரிய முதுகுக்காரன்! சுகம் வாங்கினான். ஒரு தரமாவது திரும்பிப் பார்த்தானா?"

கூட்டத்தில் ஒருவன் குரல் கொடுத்தான்: "மேஸ்திரி! உங்களைத்தான் கேக்கறாரு. கொஞ்சம் திரும்புங்க!"

திடலே சிரித்தது. ஓரத்தில் தண்ணீர்க் குழாயடியில் மேஸ்திரி தன் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். மகளுக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். எல்லாத் தலையும் அந்தப் பக்கம் திரும்பியது. அவர் திரும்பி நடந்தார். போகிற முதுகும் படத்தில் இருந்த முதுகும் அச்சு அசலாக ஒன்றாக இருந்ததால் சிரிப்பு இரண்டு மடங்காயிற்று.

சிரித்தவர்கள் ஒரு காரணமும் வைத்திருந்தார்கள். மிஷன் ஆஸ்பத்திரியில் குணமானவர்கள் ஞாயிற்றுக்கிழமை ஜெப மண்டபத்தில் எழுந்து நின்று இரண்டு வார்த்தை நன்றி சொல்வது வழக்கம். மேஸ்திரி அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை என்பது ஊருக்குத் தெரியும். "மிஷனே படம் போட்டுக் காட்டிடுச்சுய்யா" என்றார்கள். 'முதுகு மேஸ்திரி' என்ற பெயர் மறுநாளே ஒட்டிக்கொண்டது. டீக்கடையில் அவர் காது படவே, "நன்றி கிடக்கட்டும், டீக்காவது காசு குடுத்துட்டுப் போவாரா பாரு" என்றார்கள். யார் வரைந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. படத்தில்தான் பெயர் இல்லையே.

"வாயைத் திறக்காதே பாப்பா. நாலு நாள் பேசுவாங்க, அஞ்சாம் நாள் வேற கதை கிடைச்சிடும்" என்று நான் தங்கையிடம் சொன்னேன். அவள் தலையாட்டினாள். ஒரு வாரத்துக்கும் மேல் கடைப் பக்கம் வரவில்லை.

மார்ச் ஒன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை, மேஸ்திரி வந்தார். கையில் நான் தைத்துக் கொடுத்த சட்டை. அவருக்குப் பேச்சு திக்கும். அதனால் எப்போதும் சுருக்கமாகப் பேசிவிட்டுப் போவார். அன்று நின்றார்.

"டெய்லர், இந்தத் தோ... தோள்ல பஞ்சு வெச்சுத் தைக்க முடியுமா?"

"எதுக்கு மேஸ்திரி?"

"ரெண்டு பக்கமும் ஒ... ஒண்ணா தெரியணும். பொண்ணு எங்கூட நடக்க மாட்டேங்குது. ப... பத்தடி பின்னால வருது."

"வெச்சுத் தரேன்" என்றேன். அதோடு விட்டிருக்கலாம். என் மேல் இருந்த பாரத்தை அவர் மேல் தள்ளப் பார்த்தேன். "ஆஸ்பத்திரிக்கு ஒரு வார்த்தை நன்றி சொல்லியிருந்தா இந்தப் பேச்சே வந்திருக்காதே மேஸ்திரி?"

அவர் சட்டையை மடித்துப் பலகையில் வைத்தார். "அத்தனை பேர் முன்னால எ... எனக்கு எங்க பேச்சு வரும்? மூணு ஞாயிறு வாசல் வரைக்கும் போ... போனேன். வாயில வரல. உடைஞ்சு கிடந்த வாசப்படிய ஒரு ராத்திரி யாரும் இல்லாதப்ப இ... இடிச்சுட்டு புதுசா கட்டிக் குடுத்துட்டேன். அதான் எ... என்னால ஆனது." பிறகு கேட்டார்: "அந்தப் படம் யா... யாரு வரைஞ்சதுன்னு தெரியுமா?"

அவள் பெயரை எத்தனையோ படங்களில் எழுதிய கை பலகையின் மேல்தான் இருந்தது.

"அதுல பேரு இல்லையே மேஸ்திரி" என்றேன்.

அவர் போன பிறகு கடையைச் சாத்திவிட்டு மிஷனுக்கு நடந்தேன். தங்கை ஜெப மண்டபத்து வாசற்படியில் உட்கார்ந்து பிரஷ் கழுவிக்கொண்டிருந்தாள். தினமும் அவள் உட்காரும் இடம் அது. நடந்ததைச் சொன்னேன். படி கட்டிய விஷயத்தைச் சொன்னபோது, சுட்டதைப் போல எழுந்துவிட்டாள்.

"பெயின்ட் வெச்சுத் தோளை மேல ஏத்திடு" என்றேன். "பத்து நிமிஷ வேலை. யாருக்கும் தெரியாது."

"படத்துல தோள் சரியாயிடும் அண்ணா. அவரு பொண்ணு பக்கத்துல வருமா?"



"பேர் போடாம இருக்கறது பணிவுன்னு நினைச்சிட்டிருந்தேன்" என்றாள். "பத்து நாளா அதுக்குப் பின்னாலதான் ஒளிஞ்சிட்டிருக்கேன். நல்லா வசதியா இருக்கு, வெக்கமா இருக்கு."

மறுநாள் பகல் பதினொரு மணிக்கு மேஸ்திரி வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்த மகள், "அப்பா தூங்கறாங்க" என்று சொல்லி மூடிவிட்டாள். உள்ளே செங்கல்லைத் தட்டும் சத்தம் கேட்டதாம்.

அங்கிருந்து மிஷனை நடத்தும் மூத்த சகோதரியிடம் போனாள். நான் அறைக்கு வெளியே நின்றேன். கதவு திறந்துதான் இருந்தது.

"படத்தைச் சுருட்டி வெச்சிடலாம்மா. லாரியில ஏத்த வேண்டாம். அவருக்கு நாங்க கடுதாசி எழுதறோம்" என்றார் சகோதரி.

"நாங்கன்னா யாரும்மா? நான்தான வரைஞ்சேன். எல்லார் முன்னாலயும் சிரிச்சாங்க, எல்லார் முன்னாலயும் சொல்றேன். கீழ என் பேரையும் போடறேன்."

"பேர் போட்டா நியமம் உடையும். தெரியும்ல?"

"தெரியும்மா. தண்டனை குடுங்க, வாங்கிக்கறேன்."

"பிரஷ்ஷைத் திருப்பிக் குடுக்க வேண்டியிருக்கும்" என்று மட்டும் சொன்னார் சகோதரி.

அந்த ஞாயிற்றுக்கிழமை அதே திடலில், அதே படம். போதகர் பேசும் முன் தங்கை ஸ்டூலில் ஏறினாள். வாயைத் திறந்தாள், குரல் வரவில்லை. "பிரஷ் பிடிக்கிற கைக்கு வாய் இல்லையோ?" என்று யாரோ சொல்ல, இரண்டு பேர் சிரித்தார்கள். அவளுக்கு அது உறைத்தது போலிருக்கிறது, பேச்சு வந்தது.

"இந்த முதுகு மேஸ்திரியோடது. அவரைக் கேக்காம வரைஞ்சேன். அவரு நன்றி சொல்லலைன்னு சிரிச்சீங்க. சொன்னாரு. மண்டபத்து வாசப்படிய மிதிக்காம உள்ள போனவங்க யாராவது இருக்கீங்களா? அது அவரு கட்டினது. தினம் அதுல உக்காந்துட்டு, யாரு கட்டினாங்கன்னு கேக்காத நன்றி கெட்டவ நான். இந்தப் படத்தை மிஷன் வரையல. நான் வரைஞ்சேன்."

கறுப்பு டின்னைப் பிடித்துக்கொண்டு நான் கீழே நின்றேன். அவள் இறங்கி, வலது கீழ் மூலையில் குந்தி, பிரஷைத் தோய்த்தாள். பழக்கத்தில் நான் கையை நீட்டினேன்.

"இதை நீ எழுதக் கூடாது அண்ணா" என்றாள்.

அப்போதாவது நான் ஸ்டூலில் ஏறி, "எனக்கு முன்னாடியே தெரியும், நான்தான் ஓரம் அடிச்சேன்" என்று சொல்லியிருக்க வேண்டும். டின்னைப் பிடித்தபடி நின்றேன். அன்று சொல்லாததை இன்று எழுதுகிறேன்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேஸ்திரி வந்தார். பஞ்சு வைத்த சட்டைதான் போட்டிருந்தார். படத்தை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். பெயரின் அருகில் வந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு, சுவரைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"மட்டம் ச... சரியில்ல" என்றார்.

சிரிப்பதா வேண்டாமா என்று யாருக்கும் தெரியவில்லை. அவர் திரும்பி நடந்தார். மகள் பின்னாலேயே போனாள். அவர்கள் திருப்பத்தில் மறையும்வரை நான் பார்த்தேன். இடைவெளி நாலடி இருக்கும். தோளில் வைத்த பஞ்சை எடுக்கச் சொல்லி அவர் என்னிடம் கேட்டதே இல்லை.

மிச்சமிருந்த பதினொரு மாத ஊழியத்தையும் தங்கை ஆஸ்பத்திரிப் போர்வைகளைத் துவைத்துக் கழித்தாள். பிரஷைத் தொடவில்லை. அந்தப் படம் லாரியில் ஏறவே இல்லை. சுருட்டி என் கடை அலமாரிக்கு மேல் வைத்திருக்கிறேன். போன வாரம் எடுத்து விரித்தேன். மேகத்துக்குப் பக்கத்தில் நெற்றிக் கறை அப்படியே இருக்கிறது. மூலையில் நான்கு எழுத்து. முதல் எழுத்துக்கும் கடைசி எழுத்துக்கும் முக்கால் அங்குலம் சரிவு. மேஸ்திரி சொன்னது சரிதான். அதன் கீழே, அதே சரிவில், தேதியும் போட்டிருக்கிறாள்: 14 மார்ச் 1993.