குறுக்குப் பாதையில் வந்த முதலிடம்

மூன்று வருடங்களுக்கு முன், பெப்ரவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் நடந்தது இது. நோர்வூட்டுக்குப் பக்கத்து நீர்த்தேக்கக் கரையில், பல் கிட்டிக்கும் குளிரில், கொழும்பு வாகனங்கள் வரிசையாக நின்றன. ட்ரையத்லன் போட்டி. முதலில் நீர்த்தேக்கத்தில் நீந்த வேண்டும். பிறகு தோட்டத்துக் கிரவல் ரோட்டில் சைக்கிள். கடைசியில் தேயிலை மலை ஏறி இறங்கி ஓட்டம். தனியாளாகவும் செய்யலாம், மூன்று பேர் குழுவாகச் சேர்ந்து ஆளுக்கொன்றாகவும் செய்யலாம்.

நான் அங்கே ஒரு பாடசாலையில் உடற்கல்வி ஆசிரியை. அந்த மலையிலேயே, தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து வளர்ந்தவள். வெளியூர்க்காரர்கள் வந்து நம் மலையில் ஓடிப் பதக்கம் வாங்கிக்கொண்டு போவதா என்று எனக்கு ஒரு வீம்பு. உடனே குழு சேர்த்துவிட்டேன். நீச்சலுக்கு எங்கள் பாடசாலைக் கணித ஆசிரியை. யாழ்ப்பாணத்துக் கடற்கரை ஊர்க்காரர், கடலில் நீந்திப் பழகியவர். சைக்கிளுக்கு என் தம்பி. டவுனில் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருக்கிறான். ஓட்டத்துக்கு நான். முதல் மூன்று இடத்துக்குள் வந்து பதக்கத்தோடு வருவேன் என்று பிள்ளைகளிடம் வாய் கூசாமல் சொல்லியும் விட்டேன். பாடசாலை அதிபர் தன் அறைக் கண்ணாடி அலுமாரியைத் துடைத்து ஒரு தட்டைக் காலி பண்ணி வைத்தார். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், என்ன செய்வது.

கணித டீச்சர் இரண்டாவதாகக் கரையேறினார். உதடு நீலம் பாரித்துப் போயிருந்தது. கடல் தண்ணீர் வேறு, எங்கள் தண்ணீர் வேறு என்று அன்றுதான் அவருக்குப் புரிந்திருக்கும். பேசக்கூட முடியாமல், இலக்கம் எழுதிய பட்டியைக் கழற்றித் தம்பியிடம் கொடுத்தார். அவன் பறந்தான். முக்கால் மணி நேரத்துக்குப் பிறகு, இரண்டு முழங்காலிலும் இரத்தம் வழிய, அதே இரண்டாவது இடத்தில் வந்து சேர்ந்தான். எங்கே விழுந்தாய் என்று கேட்கக்கூட நேரமில்லை. பட்டியை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடத் தொடங்கினேன்.

எனக்கு முன்னால் ஒரு கொழும்புப் பிள்ளை, நீலத் தொப்பி போட்டுக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தாள். அவளை எட்டிப் பிடித்தால் முதலிடம். ரோடு முடக்கு முடக்காக வளைந்து மலையுச்சிக் கோயில் வரை போகும். அங்கே ஒருவர் கொப்பியோடு உட்கார்ந்து இலக்கத்தைக் குறித்துக்கொள்வார். பிறகு மறுபக்கம் இறங்கி, தேயிலைத் தொழிற்சாலையைத் தாண்டிக் கரைக்கு வர வேண்டும். தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்போம்.

மூன்றாவது முடக்கில் நான் பிறந்த லயம். முடக்குக்கு மேலே பெண்கள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமையும் வேலை. அதில் ஒருவர் என்னிடம் படிக்கும் பிள்ளையின் அம்மா.

"ஏய், இங்க பாருங்கடி, நம்ம டீச்சர் ஓடுறாங்க. விடாதீங்க டீச்சர், அந்தத் தொப்பிக்காரி இப்பதான் போறா" என்று கத்தினார். மலையே சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டு, கையை ஆட்டிக்கொண்டு, தலையைத் திருப்பியபடியே ஓடினேன்.

அதன் பிறகு கால்கள் அம்பாகப் பறந்தன. மூச்சு வாங்கவில்லை. உடம்பு காற்றாகிவிட்ட மாதிரி ஒரு சுகம். இத்தனை வயதிலும் என்ன வேகம் என்று என்னையே மெச்சிக்கொண்டேன். ஸ்டோர் வாசலுக்கு வந்து பார்த்தால் முன்னால் ஒரு ஈ காக்கை இல்லை. அங்கே தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்த பையன்கள் கைதட்டி, நீங்கள்தான் முதல், ஓடுங்கள் என்று சிங்களத்தில் கத்தினார்கள். கரை கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. இன்னும் ஐந்து நிமிட ஓட்டம்தான்.

நீலத் தொப்பிக்காரியை எங்கே முந்தினேன் என்று அப்போதுதான் யோசித்தேன். சும்மா திரும்பி மலையைப் பார்த்தேன். உச்சிக்குப் போகும் ரோட்டில், கடுகளவு நீலப் புள்ளி ஒன்று மேலே ஏறிக்கொண்டிருந்தது.

விஷயம் விளங்கிவிட்டது. மூன்றாவது முடக்கில் லயத்துப் பக்கமாக ஒரு குறுக்குப் பாதை பிரிந்து ஸ்டோருக்கு நேராக இறங்கும். பத்து வருடம் நான் பள்ளிக்கூடம் போன வழி அது. ரோடு தோட்டத்துத் துரையின் ஜீப்புக்கு, குறுக்கு எங்கள் காலுக்கு. மலையில் பிறந்தவர் யாரும் குறுக்கு இருக்கும்போது ரோட்டால் போக மாட்டார். நான் பெண்களுக்குக் கையாட்டிக்கொண்டிருந்த நேரத்தில் கால்கள் தம் பாட்டுக்குப் பள்ளிக்கூடம் போகக் கிளம்பியிருக்கின்றன.

உண்மையைச் சொல்கிறேன், நான் ஒன்றும் உத்தமி இல்லை. நாலைந்து அடி கரைப் பக்கமாக ஓடினேன். உச்சியில் குறிப்பவர் என் இலக்கத்தை விட்டுவிட்டார் என்று சொன்னால் யார் மறுக்கப் போகிறார்கள்? டீச்சரின் நீல உதடு, தம்பியின் முழங்கால், அதிபரின் அலுமாரி எல்லாம் கண்முன் வந்தன. நானாகப் போய்த் தோற்றால் அவர்கள் பட்ட பாடும் வீண். ஆனால் திங்கட்கிழமை பிள்ளைகள் எப்படி முந்தினீர்கள் என்று கேட்பார்கள். என்ன சொல்வேன் என்று நினைத்ததும் கால் நின்றுவிட்டது. அழுகை வந்தது. அழுதுகொண்டே திரும்பினேன். பையன்கள் அந்தப் பக்கம் இல்லை, இந்தப் பக்கம் என்று பதறிக் கையைக் காட்டினார்கள்.

இறங்கும்போது இனித்த குறுக்கு ஏறும்போது உயிரை வாங்கியது. முடக்கில் அதே பெண்கள்.

"என்னா டீச்சர், மறுபடி மேலயே போறீங்க? எதையாச்சும் விட்டுட்டு வந்துட்டீங்களா?"

"ஆமாங்க, கோயிலுக்குப் போகாம எறங்கிட்டேன்" என்றேன். அவர்களுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. எனக்கும் அழுகையோடு சிரிப்பு வந்துவிட்டது.

உச்சிக்குப் போய் இலக்கத்தைக் குறித்துவிட்டு, மறுபக்கம் இறங்கிக் கரைக்கு வந்தபோது பதினொரு குழுக்களில் நாங்கள் ஒன்பதாவது. தம்பி நொண்டிக்கொண்டு ஓடி வந்தான். முதலாவதாக வந்த நான் திரும்பி மலையேறிய கதை எனக்கு முன்பே கரைக்கு வந்து சேர்ந்திருந்தது.

"அக்கா, ஒனக்கு என்னா கிறுக்குப் புடிச்சிருச்சா?"

நடந்ததைச் சொன்னேன். திட்டுவான் என்று காத்திருந்தேன். அவனோ கீழே உட்கார்ந்து முழங்கால் காயத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். வலிக்கிறதா என்று கேட்டேன்.

"நான் ரோட்டுல விழலக்கா" என்றான். "பாதி வழியில செயின் கழண்டுருச்சு. அஞ்சு பேரு என்னைய முந்திட்டாங்க. டீச்சர் அந்தக் குளிருல நடுங்குனது கண்ணுக்குள்ளயே நின்னுச்சு. பள்ளத்தச் சுத்திப் போகாம, கீழ் லயத்து லீக்ஸ் தோட்டத்துக்குள்ள சைக்கிளத் தூக்கிக்கிட்டு எறங்கிட்டேன். அங்கனதான் தண்ணிக் கான்ல விழுந்தேன். தெரிஞ்சேதான் செஞ்சேன். ஒன்கிட்ட சொல்லவே கூடாதுன்னு இருந்தேன்."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்த நாலைந்து அடி நானும் ஓடியவள்தானே. இருபத்தெட்டு வயது ஆண்பிள்ளை, சின்ன வயதில் சிலேட்டை உடைத்துவிட்டு வந்தவனைப் போலத் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். அவன் தலையைக் கோதிவிட்டு, வா, போய்ச் சொல்லிவிடலாம் என்றேன்.

கணித டீச்சரிடமும் சொல்லி, மூன்று பேரும் போட்டி நடத்துபவர்களிடம் போனோம். தம்பிதான் பேசினான், சிங்களத்தில், ஒன்றையும் மறைக்காமல். பட்டியலோடு உட்கார்ந்திருந்த அம்மாள் முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு நன்றி என்று சொல்லி எங்கள் பெயருக்கு நேரே ஒரு கோடு கிழித்தார். அழுதுகொண்டே மலையேறி வாங்கிய ஒன்பதாவது இடமும் போய்விட்டது.

எனக்குக் கணித டீச்சர் முகத்தைப் பார்க்கவே கூச்சம். மூன்று பேரில் தன் பங்கை ஒழுங்காகச் செய்தவர் அவர் மட்டும்தான். துவாயைப் போர்த்திக்கொண்டு பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தவர், எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நல்ல காலம், தண்ணிக்குள்ள குறுக்குப் பாதை ஒண்டும் இல்லை" என்றார். "இருந்திருந்தா அந்தக் குளிருக்கு நானும் போயிருப்பன்."

தம்பிக்குப் புரையேறும் வரை சிரிப்பு. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்துவிட்டேன். பதக்கம் வாங்கியவர்கள்கூட அன்று அப்படிச் சிரித்திருக்க மாட்டார்கள். திங்கட்கிழமை பிள்ளைகளிடம் முழுக் கதையையும் சொன்னேன். அவர்களுக்கும் ஒரே கொண்டாட்டம். கண்ணாடி அலுமாரித் தட்டில் அதிபர் பழையபடி பிள்ளைகளின் வரவுப் புத்தகங்களை அடுக்கிவிட்டார்.

தம்பியும் நானும் இப்போதும் ஞாயிறு காலைகளில் அந்த மலையில் பயிற்சிக்குப் போகிறோம். அவன் சிரித்துப் பேசிக்கொண்டு பக்கத்தில் வரும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும்: அன்று நான் திரும்பி ஏறாமல் இருந்திருந்தால், அவன் தன்னுடையதை என்னிடம் மறைத்துக்கொண்டு, நான் என்னுடையதை அவனிடம் மறைத்துக்கொண்டு, இரண்டு பேரும் ஒரே பதக்கத்தைப் பார்த்து ஆயுள் முழுக்கப் பொய்யாகச் சிரித்துக்கொண்டிருந்திருப்போம்.