உடையாத படம்

எங்கள் தீவில் இட்சுவேயைப்போலக் கவலைப்பட ஆள் கிடையாது. அவள் கணவன் மசாவோ மீன்பிடிக்கும் தென்மேற்குக் கடலைப் பார்த்தபடிதான் கூரையில் டிஷ் நின்றது. அங்கே மழைமேகம் திரண்டால், தீவில் வெயில் அடிக்கும்போதே டிவியில் படம் கட்டம் கட்டமாக உடையும். உடனே வீட்டு வயர்லெஸ்ஸை எடுப்பாள்.

"படம் போச்சுங்க. திரும்புங்க."

"சுமோ குஸ்தி பாதியில நின்ன கோபமா?" என்று சிரித்தபடியே மசாவோ படகைத் திருப்புவார்.

அடுத்த வீட்டு ஷிகே அக்காவுக்கு இவள் டிவியில் என்ன வேலையோ, விடவில்லை. "மழை வர்ற நேரத்துல வானிலை அறிக்கையே தெரியலன்னா அது என்னடி டிவி? என் வீட்டு கேபிளப் பாரு, கம்பம் சாஞ்சாத்தான் போகும்."

வானிலை அறிக்கை என்றதும் இட்சுவேக்குப் பயம் வந்துவிட்டது. கேபிள் போட்டாள். டிஷ் இறங்கியது.

நேற்று, இரவு வரை மழை இல்லை என்றது அறிக்கை. நிம்மதியாக சுமோ பார்க்க உட்கார்ந்தாள். ஜன்னலில் சடசடவென்று மழை அறைந்தபோதுதான் நிமிர்ந்தாள். தென்மேற்கே வானம் கறுத்துக் கிடந்தது. வயர்லெஸ்ஸில் வெறும் இரைச்சல். திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள். கடைசியில் மசாவோவின் குரல் விட்டுவிட்டு வந்தது.

"இங்க ரொம்ப நேரமாக் கொட்டுது... ஏன் கூப்பிடல? படம் உடையலையா?"

பிறகு இரைச்சலும் நின்றது. டிவியில் மல்லன் ஒருவன் போட்டிக்கு முந்தைய சடங்காகக் களத்தில் உப்பை அள்ளி வீசினான். ஒவ்வொரு கல்லும் துல்லியமாகத் தெரிந்தது.