மச்சான் செய்த ரயில் பெட்டியின் கொக்கி

கல்யாணமான முதல் டிசம்பரில், ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் குடிலைச் சுற்றி ஓடட்டும் என்று மச்சான் ஒரு பொம்மை ரயில் கொடுத்தார். மனைவியின் அண்ணன், ஸ்ரீவில்லிபுத்தூரில் தனிக்கட்டை. என்ஜின் சிங்கப்பூர் சரக்கு. பெட்டிகளைப் பவுடர் டப்பாத் தகரத்தில் அவரே வெட்டிச் செய்திருந்தார். தங்கையைக் கட்டிய ஆள்மேல் அவருக்குப் பெரிய அபிப்பிராயம் கிடையாது. ரயிலைத் தந்ததே அதிசயம்.

அவர் வீட்டிலிருந்து கொண்டுவரும்போது பஸ்ஸில் அதன்மேல் உட்கார்ந்துவிட்டேன். முழுதாக இல்லை, ஓரமாகத்தான். கடைசிப் பெட்டியின் கொக்கி கையோடு வந்துவிட்டது.

"அண்ணனுக்குச் சொல்லி விடுங்க. அவிய வந்து ஈயம் பத்த வச்சுத் தருவாவ" என்றாள் மனைவி.

"ஏட்டி, ஊரைக் கூட்டாத! தகர டப்பாவையே பாத்துக்கத் தெரியல, தங்கச்சிய எப்படிப் பாப்பான்னு கேப்பாரு."

அவர் கேட்காததையெல்லாம் நானே கேட்டு, நானே வியர்த்தேன். மெழுகு உருக்கி ஒட்டினேன், வளைவில் கழன்றது. சோற்றுப் பசைக்கு எறும்பு வந்தது. கடைசியில் ஒரு ஊக்கைக் கொக்கியாக வளைத்து, சைக்கிள் பஞ்சர் சொல்யூஷன் தடவி, பேண்டேஜ் நெய்கிற எங்கள் ஊரில் எந்த வீட்டிலும் கிடைக்கும் அந்தத் துணியைக் கஞ்சியில் நனைத்துச் சுற்றினேன். ரயில் பெட்டி ஆஸ்பத்திரிக் கேஸ் மாதிரி இருந்தது. மேலே மனைவியின் கண்மையைப் பூசினேன். ஓடியது!

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சாயங்காலம் மச்சான் கனத்த பையோடு வந்தார். மனைவி சர்ச்சுக்குப் போயிருந்தாள். ரயில் சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓடுதே, மாப்ள."

"ஜம்முன்னு ஓடுது மச்சான். உங்களுக்கு ஒரு வேலையும் இல்ல!"

அவர் பெட்டியைத் தொடக் குனிந்தார். நான் குறுக்கே போய் நின்றேன். "பொறவு பஸ்ஸு கூட்டமாயிரும்" என்று என்னென்னவோ உளறி, அவரைப் பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப்போய் சீட்டில் உட்காரவைத்த பிறகுதான் மூச்சே விட்டேன். டிக்கெட்டுக்குச் சில்லறை எடுக்கப் பையைத் திறந்தார். உள்ளே பற்றவைக்கிற சால்டரிங் அயர்ன். அதனடியில் மடித்த கைலி, துண்டு, சோப்பு டப்பா.

தங்குவதற்கென்று வந்திருக்கிறார்.

கூப்பிடுவதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது என்று எழுத ஆசைதான். பஸ் நின்றுகொண்டுதான் இருந்தது. எனக்குத்தான் வாய் வரவில்லை.

அடுத்த டிசம்பரில் நானே குறடால் ஒரு கொக்கியைப் பிய்த்துவிட்டு, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மில்லுக்கு வந்துபோகும் நண்பரிடம் மச்சானுக்குச் சொல்லியனுப்பினேன். மறுநாள் நண்பர் ஒரு தீப்பெட்டியை நீட்டினார். உள்ளே புதுக் கொக்கி.

"மச்சான் வரலையா?"

"ஊக்கு வச்சு மாப்ளையே நல்லா ஒட்டுதாரு, நான் எதுக்குன்னுட்டாவ."