நாங்கள் குறுக்கிய ஆறு

முடிச்சூரை ஒட்டிய எங்கள் நகரில் குடியிருப்போர் சங்கச் செயலாளராக இருந்தேன். அடையாற்றின் கரை அரிக்காமல் இருக்க, இடித்த வீடுகளின் கான்கிரீட் துண்டுகளை ஆற்றில் கொட்டச் சொன்னவன் நான்தான். முதல் லாரியில் போனது என் பழைய வீட்டின் கூரை. ஆறு அங்கே பாதியாகக் குறுகிப்போனது.

இரண்டாயிரத்து ஐந்தில் வெள்ளம் வந்தபோது, எங்கள் காவலாளியின் மனைவி அக்கரையில் தனியாக மாட்டிக்கொண்டாள். அவர் துடித்தார்.

"கீழ அகலமா கீது சார், தண்ணி மெதுவா போவுது. அங்க எறங்கட்டா?"

"எதுக்குப்பா சுத்திக்கிட்டு? இங்க இருபது அடிதான்" என்றேன்.

அவர் அங்கேயே இறங்கினார். மேற்பரப்பில் நீர் வழவழவென்று ஓடியது. நான்காவது எட்டில் அவர் கால் இழுபட்டது. நீருக்கடியில் கான்கிரீட்டிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த கம்பி அவர் தொடையைக் கிழித்தது. வெள்ளம் அவரைக் கான்கிரீட்டின் மேல் திரும்பத் திரும்ப மோதவைத்தது. நாங்கள் வீசிய கயிற்றை அவர் பிடிக்கவில்லை.

நீர் வடிந்ததும் உடலைக் கம்பியிலிருந்து அறுத்து எடுத்தோம்.

"நல்லா நீச்சல் தெரிஞ்ச ஆளு. இன்னா சார் ஆச்சு?" என்று அவர் மனைவி கேட்டாள்.

"வெள்ளம்தாம்மா" என்றேன். கம்பியைப் பற்றிச் சொல்லவில்லை.