வெள்ளிக்கிழமைக் கேக்கும் லிஸ்பன் நகரத்துக் கோயிலும்

வெண்ணெய்க் கேக்கின் வாசனையோடு அப்போதுதான் அணைத்த மெழுகுவர்த்தியின் புகையும் கலந்து மூக்கில் ஏறினால் எனக்கு இன்றும் முழந்தாளிடத்தான் தோன்றும். சவுதியில், ஜுபைலில் நாங்கள் குடியிருந்த கட்டடத்தில் வெள்ளிக்கிழமைதோறும் யாராவது ஒருவர் வீட்டில் "பர்த்டே" நடக்கும். திரைச்சீலைகளை இழுத்துவிட்டு, நடுவில் கேக்கை வைத்துச் சுற்றி உட்கார்ந்து பெரியவர்கள் செபமாலை சொல்வார்கள். உதடு அசையும், சத்தம் வராது. கதவு மணி அடித்தால் போதும், செபமாலைகள் பைக்குள் போய்விட, எல்லோருமாகக் கைதட்டிப் பிறந்தநாள் பாட்டுப் பாடுவோம். எங்கள் தூத்துக்குடிக் கடற்கரையில் இருப்பதைப்போல மாதா கோயிலோ பூசையோ வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தராத, செபம் சொல்வது வெளியே தெரிந்தால் பிடித்துப் போய்விடும் ஊரில் பெரியவர்கள் தங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாடு அது. மணி அடித்தவர் பெரும்பாலும் தண்ணீர் கேன் கொண்டுவரும் பாயாகத்தான் இருப்பார். அவருக்கும் ஒரு துண்டு கேக் கிடைக்கும். இவர்கள் ஏன் இப்படி ஓயாமல் பிறக்கிறார்கள் என்று மனிதர் குழம்பியிருப்பார்.

எனக்கு அது விளையாட்டு. வருஷத்தில் பல தடவை பிறந்தநாள் கொண்டாடும் பிள்ளை வேறு எங்கே இருக்கும்? அப்பா எண்ணெய் ஆலையில் டெக்னீஷியன், அம்மா நர்ஸ். கல்யாணத்துக்கு முன்னால் அம்மா கோயிலில் மாதா பாட்டை எடுத்தால் கரையில் வலை இழுக்கிறவர்களுக்குக் கேட்கும் என்று அப்பா பெருமையாகச் சொல்வார். நான் கேட்டதே இல்லை. ஊருக்கு லீவில் போனாலும் அங்கே கீபோர்டும் புதுப் பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். அம்மா கடைசி வரிசையில் உட்கார்ந்து உதட்டை அசைப்பதோடு சரி. "தொண்ட மூடிப் போச்சுட்டி" என்பாள்.

இரண்டாயிரத்துக்குப் பிறகான வருஷங்களில் ஒரு கோடையில், புது இயந்திரம் ஒன்றைப் பழகிவர அப்பாவைக் கம்பெனி போர்ச்சுகலுக்கு அனுப்பியது. அம்மாவும் நானும் ஒட்டிக்கொண்டோம். அப்பாவுக்கு லீவு கிடைத்த ஒரே ஒரு பகலில் லிஸ்பனை நடந்தே பார்ப்பது என்று முடிவாயிற்று. ஏதாவது ஒரு கோயிலில் அந்த மாதா பாட்டை வாய்விட்டுப் பாட வேண்டும். அம்மா கேட்டது அது ஒன்றுதான்.

நடப்பது என்றால் எனக்குக் காரிலிருந்து கடை வாசல் வரைக்கும்தான். அந்த ஊரோ முழுக்க மேடும் பள்ளமும், பாவிய சின்னச் சின்ன வெள்ளைக் கற்கள் தேய்ந்து வழுக்கின. அதை விடுங்கள், தெருவில் எங்கள் ஊரைப் போலவே சாளை மீன் சுடும் வாசனை வந்தபோது அம்மாவே திகைத்து நின்றுவிட்டாள். ஒரு தையல்கடைப் பலகையில் எங்கள் குடும்பப் பெயரான "பெர்னாண்டோ"வைக் கிட்டத்தட்ட அப்படியே பார்த்ததும் அப்பா அதை இரண்டு தடவை எழுத்துக்கூட்டிப் படித்தார். என்னைத் தூக்கிவாரிப் போட்டது வேறு. தலைக்கு மேலே கோயில் மணி ஊரே அதிர அடித்தது, ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் அப்பாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

மேட்டின் மேலிருந்த அந்தக் கோயிலின் கதவுகள் அகலத் திறந்து கிடந்தன. உள்ளே ஏழெட்டுப் பேர் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா மாதா சுரூபத்துக்கு முன்னால் நின்றாள், முக்காட்டைச் சரிசெய்தாள், அப்பாவைப் பார்த்தாள்.

"பாடு ஜெசி. இங்க யாரு கேக்கப் போறா?" என்றார் அப்பா. அதையும் காதோடு காதாகத்தான் சொன்னார்.

அம்மா முதலடியை எடுத்தாள். என்னைக் குளிப்பாட்டி, சோறூட்டி, திட்டித் தூங்கவைத்த அந்தச் சின்னக் குரலுக்குள் இவ்வளவு பெரிய குரல் இருந்ததா? கூரை வரை போய் அது திரும்பி வந்தது. சந்தோஷப்பட எனக்குத் தெரியவில்லை, பயமாக இருந்தது. அம்மாவின் வாயைப் பொத்திவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

அப்போது பக்கக் கதவு திறந்தது. நீலச் சீருடையும் இடுப்பில் சாவிக்கொத்துமாக ஒரு காவலர் எங்களை நோக்கி வேகமாக வந்தார். சாவிச் சத்தம் கேட்டதுதான் தாமதம், அம்மாவின் பாட்டு பாதியில் அறுந்தது, செபமாலை கைப்பைக்குள் போனது. அப்பா என் தோளைப் பிடித்து முன்னால் நிறுத்திக் கைதட்டிப் பிறந்தநாள் பாட்டைப் பாட ஆரம்பித்தார். அம்மாவும் பாடினாள். நானும் எனக்கே பாடிக்கொண்டேன்.

காவலர் ஒரு கணம் விழித்தார். பிறகு முகமெல்லாம் சிரிப்பாக, அங்கே எரிந்துகொண்டிருந்த மெழுகுவர்த்திகளில் ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்துத் தானும் கைதட்டினார். மூலைகளில் இருந்தவர்கள் எழுந்து வந்து அவரவர் பாஷையில் அதே பாட்டை உரக்கப் பாடினார்கள். யாருக்கும் பிறந்தநாள் இல்லாத ஒரு நாளில் அந்தக் கோயிலே எனக்காகப் பாடியது. அப்பாவைப் பார்த்தேன். சிரிக்காமல், கதவையே பார்த்தபடி அவர் தட்டிக்கொண்டே இருந்தார். அதுவரை நான் விளையாட்டு என்று நினைத்திருந்தது அப்பாவுக்கு விளையாட்டே இல்லை என்று அந்தக் கைகளைப் பார்த்துத்தான் தெரிந்தது.

பாட்டு ஓய்ந்ததும் காவலர் அம்மாவைக் காட்டி, தன் தொண்டையைத் தொட்டு, பீடத்தை நோக்கிக் கையை நீட்டினார். முன்னால் வந்து பாடும்படி கேட்கத்தான் அவர் அவ்வளவு வேகமாக வந்திருக்கிறார். அம்மா தலையசைத்து மறுத்தாள். "கலாஸ்" என்றாள், ஜுபைலில் கடைக்காரரிடம் சொல்வதுபோல. போதும், முடிந்தது.

அந்தக் கட்டடம் இப்போது இல்லை, இடித்துவிட்டார்களாம். கேக்கைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் திசைக்கொருவராகப் போய்விட்டார்கள். அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா என்னோடு தூத்துக்குடியில் இருக்கிறாள். கோயில் ஒலிபெருக்கி எங்கள் வீட்டுச் சன்னல் கண்ணாடியை அதிர வைக்கும் தூரத்தில்.

சென்ற மாதம் என் பிறந்தநாள், நிஜமான பிறந்தநாள். கேக் வெட்டி முடித்ததும், எனக்கு வேறு எதுவும் வேண்டாம், லிஸ்பனில் விட்ட பாட்டைப் பாடி முடி என்று கேட்டேன். வெளியே மாலைப் பூசைக்கு மணி அடித்துக்கொண்டிருந்தது. அம்மா கேக் கத்தியைத் துடைத்து வைத்தாள்.

"பாடுதேன்" என்றாள். "மொதல்ல கதவு பூட்டியிருக்கான்னு பாத்துட்டு வாட்டி."