தேங்காய்க் குரங்கும் தூரத்துச் சொந்தமும்

குரங்கை ஏற்றித் தேங்காய் பறிக்கும் தொழிலில் ஒரு வசதி உண்டு: போகிற இடத்திலெல்லாம் குரங்கைத்தான் நலம் விசாரிப்பார்கள், நாம் வாயைத் திறக்க வேண்டியதில்லை. ஒற்றை ஆளுக்கு உலை வைக்கிறவர்களே, உங்களுக்கு இது புரியும். மலாயாவில் ரப்பர் விலை விழுந்து பால்வெட்டுக்கு ஆள் குறைத்தபோது, ஊருக்குக் கப்பலேற மனமில்லாமல், பெம்பானில் ஒரு மலாய்க்காரரிடம் அவாங் என்ற இந்தக் குரங்கை வாங்கினேன். தோட்டத்துத் தென்னைகளையும் பறித்துக் கொடுத்ததால் கூலியாட்கள் குடியிருக்கும் லயத்தின் கடைசி அறையை எனக்கு விட்டுவைத்தார்கள்.

தூரத்துச் சொந்தம்

தோட்டப் பள்ளி வாத்தியார் ஒரு நாள் என்னை நிறுத்தி, புத்தகத்தில் படித்ததைச் சொன்னார். மனிதனும் வாலில்லாக் குரங்கும் ஒரே மூதாதையிடமிருந்து பிரிந்த கிளைகளாம். அவாங்குக்கு வால் இருப்பதால் இன்னும் தள்ளியாம். நிமிர்ந்து நடந்தோம், கை சும்மாவானது. பிறகு பேச்சு வந்தது, அதுதான் நம்மைத் தனியாகப் பிரித்ததாம்.

எனக்குக் கடலுக்கு இந்தப் பக்கம் உறவென்று யாருமில்லை. நல்லதாகப் போயிற்று என்று அவாங்கின் தோளில் கை போட்டேன். வாத்தியார் பதறிவிட்டார். "தூரத்துச் சொந்தம்பா, ரொம்ப ஒட்டிக்காதே!"

கோப்பிக் கடை

அவாங்குக்கு மலாய் மட்டுந்தான் தெரியும், பழக்கியவர் அப்படி. ஏறு, திருகு, இறங்கு, எல்லாம் மலாயில். நாள் முழுக்க அதோடுதான் என் பேச்சு. ஜாசின் பாசாரில், அந்த ஊர்ச் சந்தையில், நம்மவர் கடையில் உட்கார்ந்து, பழக்க தோஷத்தில் மலாயில் கோப்பி கேட்டேன். அவரும் மலாயில் பதில் சொன்னார். நான் மாற்றிக்கொள்ளவில்லை. தமிழில் பேசினால் எந்த ஊர், பெண்டாட்டி எங்கே என்று கேள்வி வரும். வேர்வை துடைக்கத் தலைத்துண்டை அவிழ்த்தேன், நெற்றியில் திருநீறு தெரிந்துவிட்டது. கடைக்காரர் தமிழில் கேட்டார்: "ஏங்க, தமிழாளுதானே நீங்க? யாருக்குப் பயந்து இப்படிப் பேசறீங்க?"

காய்ச்சல்

மலேரியா அடித்து மூன்று நாள் எழுந்திருக்கவில்லை. வாசலில் கட்டிப்போட்டிருந்த அவாங் பசியில் லயமே அதிரக் கத்தியது. பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் பாக்கியத்தின் குடும்பம்; ஒரு தட்டுத் தட்டினால் போதும். தட்டவில்லை. இதற்குப் போய் அவர்களை எதற்குத் தொந்தரவு செய்ய வேண்டும் என்று கிடந்தேன். இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் அந்த வெட்கத்திலேயே செத்திருப்பேன்.

குரங்குச் சத்தம் தாங்காமல் பாக்கியமே வந்து எட்டிப் பார்த்தாள். ஓடிப்போய்க் கஞ்சி கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். பிறகு அவாங்குக்கு வாழைப்பழம் போட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே திட்டினாள்: "அது கத்துச்சு, வந்தேன். உங்களுக்கு வாய் இல்லையா, அண்ணே?"

பேச்சு மனிதனுக்குத்தான் வந்தது என்று வாத்தியார் சொன்னது சரிதான். பசித்தாலும் பேசாமல் கிடக்கத் தெரிந்ததும் மனிதனுக்கு மட்டும்தான்.